கோவில் தெருவுல தண்ணி எங்க நிக்குதுன்னு பாக்க நாங்களே அளந்து செஞ்ச உயர மாடல்

போன மழைக்காலத்துல வெள்ளம் வடிஞ்சதும் கோவில் மதில்ல ஒரு சேத்துக் கோடு நின்னுச்சு. நான் ஏற்கனவே கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருந்த தண்ணி மட்டத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் 3 செமீ தான் வித்தியாசம். அந்த 3 செமீக்கும் காரணம் புரிஞ்சுபோச்சு, அதான் இப்ப முழுசா எழுதுறேன், வேற ஊர்ல வேற தெருவுல யாராச்சும் இதே வேலைய பண்ணணும்னா உபயோகமா இருக்கும்.

இடம் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயி, மலையடிவாரத்துல ஒரு தெரு, 340 மீட்டர் நீளம், தார் மட்டும் 5.5 மீட்டர் அகலம். மேல் பாதி நல்ல சரிவு, கீழ் பாதி கிட்டத்தட்ட தட்டை, அந்தத் தட்டையில தான் கோவில். தைப்பூசக் காவடி எப்பவுமே ஜனவரி பிப்ரவரியில வரும், அது தான் இங்க சைக்ளோன் மாசம், அத்தனை பேரும் செருப்பில்லாம நடந்து வர்ற தெருவுல கணுக்கால் அளவு சாக்கடைத் தண்ணி நின்னா எப்படி இருக்கும். இந்த ஊர்ல தண்ணிய யாரும் லேசா எடுத்துக்க மாட்டாங்க. 2013 மார்ச் 30 அன்னிக்கு போர்ட் லூயியில பெய்ஞ்ச மழையில 11 பேர் செத்துப்போனாங்க, சில பேர் சுரங்கப்பாதையில மாட்டிக்கிட்டு. 2024 ஜனவரி 15 பெலால் புயலப்போ நகரத்து ரோட்டுல காரெல்லாம் மிதந்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடந்ததை எல்லாரும் பாத்தோம். எங்க தெரு அந்த அளவுக்கு ஆபத்தான இடம் இல்ல, ஆனா கோவிலுக்குள்ள தண்ணி வருது, அது ஏன்னு ஒவ்வொருத்தரும் ஒரு காரணம் சொன்னாங்க. டிரெயின் (மழைத்தண்ணி வடிகால்) அடைச்சிருக்குன்னு ஒருத்தர், மேல புதுசா கட்டுன வீடுங்கன்னு ஒருத்தர், மலையில மரம் வெட்டிட்டாங்கன்னு இன்னொருத்தர். அளந்து பாத்துரலாம்னு இறங்குனோம்.

செய்ய நினைச்சது டிஜிட்டல் எலிவேஷன் மாடல், சுருக்கமா டெம். இடத்தைச் சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு உயரம் எழுதி வைக்கிறது, அவ்வளவு தான். அது இருந்தா தண்ணி எந்தப் பக்கம் ஓடும், எங்க நிக்கும், எவ்வளவு ஆழம் நிக்கும்னு கணக்கு போட்டுரலாம்.

முதல்ல காசு செலவில்லாத வழி, சாட்டிலைட் டேட்டா. கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் டெம் இலவசம், எறக்கி கியூஜிஐஎஸ்ங்கிற இலவச மேப் சாஃப்ட்வேர்ல போட்டேன். மலைக்கு ரொம்ப நல்லா இருக்கு, எந்த மடிப்புல இருந்து தண்ணி எங்க தெருப்பக்கம் வருதுன்னு பளிச்சுனு தெரிஞ்சுது. ஆனா தெருவுக்கு? ஒரு கட்டம் 30 மீட்டர், அப்போ எங்க முழுத் தெருவும் பதினோரு கட்டம் தான், ஒரே கட்டத்துக்குள்ள ரோடு, ரெண்டு பக்க வீடு, மாமரம் எல்லாம் அடங்கிருது. அதோட அது தரை உயரம் இல்ல, மேல்பரப்பு உயரம், கூரையும் மரத்தலையும் சேர்ந்தது. அதோட உயரத் துல்லியம் 4 மீட்டருக்குள்ள இருக்கும்னு தான் அவங்களே உத்தரவாதம் சொல்றாங்க. 2000ல விண்வெளி ஷட்டில்ல இருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம்ங்கிற பழைய உயர டேட்டாவுக்கு சொன்ன அளவு 16 மீட்டர். எங்க பிரச்சனையோட மொத்த உயரமே ஒரு கெர்ப் கல்லு (ரோட்டு ஓர விளிம்புக் கல்லு) உயரம். ரோட்டுக்கு நடுவுல இருந்து ஓரத்துக்கு 2.5 சதவீதம் வாட்டம்னு வச்சாலும் 2.75 மீட்டருக்கு 7 செமீ தான் வரும், அந்த 7 செமீ தான் தண்ணி நடு ரோட்டுல ஓடுதா ஓரத்துல ஓடுதான்னு முடிவு பண்ணுது. அதனால சாட்டிலைட் டேட்டாவை மேல் மலைக்கு மட்டும் வச்சுக்கிட்டு தெருவைக் கையால அளக்குறதுன்னு முடிவாச்சு.

கருவி விஷயத்துக்கு வர்றேன், இதுல தான் அதிகம் எழுத இருக்கு. என்கிட்ட யூப்ளாக்ஸ் எஃப்9பி சிப் வச்ச ஆர்டிகே ஜிபிஎஸ் ரெண்டு செட் இருந்துச்சு, ஒண்ணு ஒரே எடத்துல நின்னு தப்பைத் திருத்திக் கொடுக்கும், இன்னொண்ணு அதை வச்சு செமீ அளவுக்கு இடம் சொல்லும். ஒண்ணைக் கோவில் மொட்டைமாடியில பேஸா நட்டு பல மணி நேரம் பதிய விட்டு, அந்த ஃபைலைக் கனடா அரசோட இலவச பிபிபி சேவைக்கு (ஜிபிஎஸ் பதிவை வச்சு இடத்தைத் துல்லியமா கணக்கு போட்டுத் தரும்) அனுப்பி பேஸோட இடத்தை வாங்கிக்கிட்டேன். இன்னொண்ணைக் கம்புல மாட்டித் தெருவுல நடந்தேன். வெட்டவெளியில ஒண்ணு ரெண்டு செமீக்குள்ள கிடைக்குது. ஆனா எங்க தெருவுல ஒரு பக்கம் மலை வானத்தை மறைக்குது, இன்னொரு பக்கம் தகரக் கூரையும் மாடி வீடும், சிக்னல் அடிச்சுத் திரும்பி வந்து துல்லியமான நிலை (ஃபிக்ஸ்) நிக்காம தோராய நிலைக்கு (ஃப்ளோட்) போயிருது. நிக்கிற எடத்துலயும் உயரம் 3 செமீ மேல கீழ ஆடுது. எக்ஸ் ஒய்க்கு, அதாவது படத்துல புள்ளி எங்க இருக்குங்கிறதுக்கு, அது போதும், 3 செமீ பக்கவாட்டுல தள்ளிப்போனா ஒண்ணும் கெட்டுப்போகாது. உயரத்துக்குப் போதாது. அதனால இடம் ஜிபிஎஸ்ல, உயரம் ஆட்டோ லெவல்லன்னு (முக்காலியில வச்சு மட்டம் பாக்குற தொலைநோக்கி) பிரிச்சுக்கிட்டோம். இந்த ஒரு முடிவு தான் மொத்த வேலையையும் காப்பாத்துச்சுன்னு நினைக்கிறேன்.

ஆட்டோ லெவல் தெரிஞ்ச கட்டட கான்ட்ராக்டர் ஒருத்தர் கொடுத்தார், முக்காலி, 5 மீட்டர் ஸ்டாஃப் (அளவு போட்ட கம்பு) எல்லாம் சேத்து. அவர்கிட்ட வேலை பாக்குற புதுக்கோட்டைக் கொத்தனார் அண்ணன் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை காலையில கூட வந்தார், கோவில் தமிழ் வகுப்புப் பசங்க ரெண்டு பேர் ஸ்டாஃப் பிடிச்சாங்க, பளபளக்குற மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு. வாடகை லெவலோ இரவல் லெவலோ, முதல்ல டூ பெக் டெஸ்ட் பண்ணாம ஒரு ரீடிங் கூட எடுக்காதீங்க. 40 மீட்டர் இடைவெளியில ரெண்டு ஆணி அடிச்சு, நடுவுல லெவலை வச்சு ஒரு வித்தியாசம், அப்புறம் ஒரு ஆணிக்குப் பக்கத்துல வச்சு இன்னொரு வித்தியாசம், ரெண்டும் ஒண்ணா வரணும். எங்களுக்கு 5 மிமீ தள்ளி வந்துச்சு, குறுக்குக் கம்பியோட ஸ்க்ரூவைத் திருப்பி சரி பண்ண அப்புறம் 1 மிமீக்குள்ள வந்துச்சு. சாதாரணமா பேக் சைட்டும் ஃபோர் சைட்டும் (பின்னாடி பாக்குற ரீடிங்கும் முன்னாடி பாக்குற ரீடிங்கும்) ஒரே தூரமா வச்சா இந்தத் தப்பு தானா அடிபட்டுப்போகும், ஆனா நாங்க ஒரே எடத்துல இருந்து கிட்டயும் தூரத்துலயும் நிறைய இடைப்பட்ட புள்ளி ரீடிங் எடுக்கப் போறோம், அதுக்கு லெவல் சுத்தமா இருந்தே ஆகணும்.

கடல் மட்டத்தோட இணைக்க நாங்க மெனக்கெடல. கோவில் வாசப்படிக் கல்லோட மூலையில உளியால சின்னதா ஒரு பெருக்கல் குறி போட்டு அதோட உயரம் 10.000 மீட்டர்னு நாங்களே வச்சுக்கிட்டோம். தண்ணிக்கு வித்தியாசம் தான் முக்கியம், சரியான எண் முக்கியம் இல்ல. அங்க இருந்து தெருவோட ரெண்டு முனையையும் தொட்டுத் திரும்பி அதே குறிக்கு வந்து முடிச்சோம், மொத்தம் 680 மீட்டர் சுத்து, வித்தியாசம் 6 மிமீ. 12 மிமீயை கிலோமீட்டரோட வர்க்கமூலத்தால பெருக்குற விதிப்படி 10 மிமீ வரைக்கும் ஏத்துக்கலாம், அதனால அப்படியே பிரிச்சு விட்டோம்.

ஒவ்வொரு 5 மீட்டருக்கும் ஒரு குறுக்கு வெட்டு, கோவிலைச் சுத்தி 60 மீட்டருக்கு மட்டும் 2 மீட்டருக்கு ஒண்ணு. ஒரு வெட்டுல எட்டு புள்ளி: மதில் அடி, கெர்ப் மேல், கெர்ப் அடியில இருக்கிற ஓர வாய்க்கால், ரோட்டு நடு, அந்தப் பக்கமும் அதே மாதிரி, அதோட எங்க தார் ஒட்டுப் போட்டிருக்கோ அங்க ஒரு புள்ளி. ஏறக்குறைய 700 புள்ளி வந்துச்சு. அளக்கும்போதே ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு, மேல கெர்ப் 12 செமீ நிக்குது, கோவில் பக்கத்துல 4 செமீ தான். தார் மேல தார் போட்டுப் போட்டு ரோடு ஏறிருச்சு, கல்லு அங்கயே இருக்கு.

கோவிலுக்குள்ள மண்டபத் தரையோட மட்டம் வேணும், ஆனா மதில் மறைக்குது, லெவலை மாத்தி மாத்தி வைக்கணும். அண்ணன் சொன்னார், "விடுங்க தம்பி, ட்யூப்ல கொண்டு வந்துருவோம்." 20 மீட்டர் உள்ள தெரியுற பிளாஸ்டிக் குழாய், உள்ள காத்துக் குமிழ் இல்லாம தண்ணி நெறைச்சு, ஒரு முனை வாசப்படிக் குறியில, இன்னொரு முனை மண்டபத் தூண்ல. கடைசியில சந்தேகத்துக்கு லெவலையும் உள்ள கொண்டுபோய்ப் பாத்தேன், 2 மிமீ தான் வித்தியாசம். குழாய்ல பாதி வெயில்லயும் பாதி நிழல்லயும் கெடந்தா மட்டம் ஏமாத்திரும், அதனால காலையிலேயே எடுத்துரணும்னு அண்ணன் தான் சொன்னார்.

இடையில போட்டோ வழியையும் முயற்சி பண்ணேன். ட்ரோனுக்கு அனுமதி வேலை இருக்கு, அதோட எல்லார் மொட்டைமாடியும் படத்துல விழும், எனக்கு அது பிடிக்கல. அதனால பெயின்டர் கம்பு 4 மீட்டர்ல போனை மாட்டி நடந்துக்கிட்டே படம் எடுத்து, படங்களைச் சேத்து மேல்பரப்பு செய்யுற வெப்ஓடிஎம் சாஃப்ட்வேர்ல கொடுத்தேன். லெவல் எடுத்த ஆணிங்களையே கன்ட்ரோல் புள்ளியா (உயரம் தெரிஞ்ச புள்ளி) வச்சும் வழவழ தார்ல மேல்பரப்பு 3, 4 செமீ அலை அலையா வருது, கெர்ப் விளிம்பு மழுங்கிப்போய் சரிவா ஆயிருது, நிறுத்தி வச்ச காரெல்லாம் மேடா நிக்குது. உயரத்துக்கு அதை எடுக்கல. ஆனா அதுல இருந்து வந்த ஆர்த்தோ போட்டோ (மேல இருந்து நேரா பாத்த மாதிரி அளவு சரியா இருக்கிற படம்) அருமை, கெர்ப் கோடு, கேட்டு, டிரெயின் மூடி எல்லாம் அதுமேல வச்சு வரைஞ்சேன். போர்ட் லூயியோட பழைய பிளான் ஏதாச்சும் கையில இருந்தா ஒரு எச்சரிக்கை, அது பெரும்பாலும் லெ பூஸ் 1934 டேட்டம் (கோஆர்டினேட்டுக்கான பழைய அடிப்படை), ஜிபிஎஸ் கோஆர்டினேட்டோட நேரா போட்டா சில நூறு மீட்டர் தள்ளி விழும், மாத்திட்டுத் தான் போடணும். நான் எல்லாத்தையும் யூடிஎம் 40 தெற்குங்கிற மீட்டர் கோஆர்டினேட்ல வச்சுக்கிட்டேன்.

இப்ப புள்ளிங்களை வச்சுப் பரப்பு செய்யணும். ஐடிடபிள்யூன்னு சுலபமான ஒரு முறை இருக்கு, பக்கத்துப் புள்ளிங்களோட சராசரி எடுத்து நெரப்புறது. அதைப் போட்டா ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் அம்மைக் கொப்புளம் மாதிரி ஒரு மேடோ குழியோ, ரெண்டு வெட்டுக்கு நடுவுல கெர்ப்பே காணாம போகுது, தண்ணி அந்த ஓட்டை வழியா வீட்டுக்குள்ள பாயுது. புள்ளியை இன்னும் நெருக்கமா எடுத்தா சரியாகுமான்னு ஒரு 20 மீட்டருக்கு எடுத்துப் பாத்தோம், ஆகல. கெர்ப் ஒரு கோடு, அதைப் புள்ளியா நினைக்கிற முறை எதுவும் அதைக் காப்பாத்தாது.

சரியானது டின், முக்கோண வலை, பிரேக் லைனோட (சரிவு சட்டுனு மாறுற விளிம்புக் கோடு). கியூஜிஐஎஸ்ல டின் மெஷ் கிரியேஷன்னு ஒரு டூல் இருக்கு, அதுல புள்ளி லேயரும் கோடு லேயரும் தனித்தனியா கொடுத்து, கோடுங்களை பிரேக் லைன்னு சொல்லிரணும், அப்போ எந்த முக்கோணமும் அந்தக் கோட்டைத் தாண்டாது. ஓர வாய்க்கால் ஒரு கோடு, கெர்ப் மேல் ஒரு கோடு, ரோட்டு நடு ஒரு கோடு, மதில் அடி ஒரு கோடு, ஸ்பீட் பிரேக்கரோட தொடக்கம், உச்சி, முடிவு மூணு கோடு. கெர்ப் செங்குத்தா இருக்கும், ஆனா டின்ல ஒரே எக்ஸ் ஒய்ல ரெண்டு உயரம் வைக்க முடியாது, அதனால மேல் கோட்டை 5 செமீ பின்னாடி தள்ளி வச்சேன். மதில் சுவரை 1.5 மீட்டர் ஏத்தி விட்டேன், கேட்டு இருக்கிற எடத்துல மட்டும் ஏத்தாம அந்தந்தக் கேட்டோட அளந்த வாசப்படி உயரம். இது ரொம்ப முக்கியம், இந்த ஊர்ல மழைத் தண்ணியை வழி நடத்துறது பாதி இந்தக் கருங்கல் மதிலுங்க தான்.

கட்டம் எவ்வளவு பெருசுன்னும் யோசிக்கணும். 1 மீட்டர்ல போட்டேன், 30 செமீ அகல ஓர வாய்க்கால் காணாம போச்சு, தண்ணி ரோட்டு நடுவுல ஓடுற மாதிரி காட்டுச்சு. அரை மீட்டர்ல விட்டு விட்டு வந்துச்சு. 25 செமீல தான் வாய்க்கால் முழுசா தொடர்ந்து கிடைச்சுது. மொத்தமே எழுபதாயிரம் கட்டத்துக்குள்ள தான், பழைய லேப்டாப்பே நொடியில முடிச்சிருது.

அடுத்தது தண்ணிக் கணக்கு. டெம் வச்சு நீரோட்டம் பாக்குற பாடம் எதை எடுத்தாலும் முதல் வேலையா பள்ளத்தையெல்லாம் நெரப்பச் சொல்லுவாங்க, வாங் அண்ட் லியூ முறையோ வேறதோ. காட்டு நிலத்துக்கு அது சரி, பள்ளம் பெரும்பாலும் டேட்டாவோட கோளாறு. தெருவுல பள்ளம் தான் நாம தேடுறதே. அதனால நெரப்புன டெம்ல இருந்து நெரப்பாத டெம்மைக் கழிச்சேன், மிச்சம் வர்றது தண்ணி நிக்கிற ஆழம். படத்தைப் பாத்ததும் எல்லாரும் அமைதியாயிட்டாங்க. கோவிலுக்கு எதிர்ல ஓர வாய்க்கால் அடி 9.850. அங்க இருந்து 25 மீட்டர் கீழ ஸ்பீட் பிரேக்கர் இருக்கு, அதைக் கெர்ப்ல இருந்து கெர்ப் வரைக்கும் ஒரே மட்டமா போட்டிருக்காங்க, ஓரத்துல தண்ணி போக இடைவெளியே விடல. அதோட உச்சி 10.050. தண்ணி 20 செமீ ஏறினா தான் அதைத் தாண்டும், ஆனா கோவில் வாசப்படி 15 செமீலயே இருக்கு. அந்தப் பகுதியில இருக்கிற மத்த கேட்டெல்லாம் 20 செமீக்கு மேல, ஒரு வீடு தவிர. அந்த வீட்டு அக்கா தான் வருஷா வருஷம் மணல் மூட்டை அடுக்குறவங்க.

டிரெயின் அடைப்பும் உண்மை தான், கிரேட்டிங் (டிரெயின் மேல இருக்கிற கம்பி மூடி) வழியா டேப் விட்டு அடி ஆழம் அளந்தப்போ பாதிக்கு மேல வண்டல். ஆனா டிரெயினைச் சுத்தமா இருக்கிறதா வச்சுப் போட்டாலும் பெருமழைக்கு அந்தச் சின்ன கிரேட்டிங் பத்தாது, மேல ஓடி வர்ற தண்ணி ஸ்பீட் பிரேக்கர்ல தான் முட்டும். மாடல்ல ரெண்டு பக்கமும் 30 செமீ வாயைத் திறந்து விட்டுப் பாத்தேன், ஸ்பீட் பிரேக்கர் அடியில வாய்க்கால் 9.890, அப்போ நிக்கிற தண்ணி 20 செமீல இருந்து 4 செமீ ஆயிருது.

ஸ்பீட் பிரேக்கரை வெட்டி விடச் சொல்லிப் படத்தை வச்சே போய்க் கேட்டுருக்கலாம், ஆனா ரெண்டு விஷயம் பாக்கி இருந்துச்சு. ஒண்ணு, மாடல் நிஜமான்னு மழை சொல்லணும். நல்ல மழை வந்துச்சு, மறுநாள் மதில்ல சேத்துக் கோட்டை லெவல்ல அளந்தோம், 10.080. மாடல் சொன்னது 10.050. என் கணக்கு நிக்கிற தண்ணிக்கு, நிஜத்துல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, ஸ்பீட் பிரேக்கர் மேல வழிஞ்சு போகணும்னா உச்சிக்கு மேல கொஞ்சம் உயரம் வேணும், அந்த 3 செமீ அது தான். மண்டபத்துக்குள்ள கணுக்கால் வரைக்கும் நின்னதும் ஒத்துப்போகுது.

ரெண்டாவது, இங்க தண்ணியைத் திறந்து விட்டா கீழ யார் வீட்டுக்குப் போகும்? இதைப் பாக்காம ஒரு கெர்ப்பைக் கூடத் தொடச் சொல்லக் கூடாதுன்னு கோவில் பெரியவர் கண்டிப்பா சொன்னார், அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. கீழ கால்வாய் வரைக்கும் இன்னொரு 120 மீட்டர் அதே மாதிரி வெட்டு வெட்டா அளந்து மாடல்ல சேத்தோம். அங்க வாட்டம் ஒரு சதவீதத்துக்கு மேல, பள்ளம் இல்ல, கேட்டுங்க எல்லாம் உயரம். அதுக்கு அப்புறம் தான் கோவில்காரங்க படமும் எண்ணும் எடுத்துக்கிட்டு ரோட்டைப் பாத்துக்கிறவங்ககிட்ட போய்ப் பேசினாங்க, அவங்க ஸ்பீட் பிரேக்கர் ஓரத்துல ரெண்டு பக்கமும் வெட்டி விட்டாங்க. அடுத்து வந்த பெரிய மழையில கோடு 11 செமீல நின்னுச்சு, வாசப்படிக்கு 4 செமீ கீழ. மாடல் சொன்ன 4 செமீக்கு இது எவ்வளவோ மேல, ஏன்னா 30 செமீ வாய் ஓடுற தண்ணிக்கு குறுகல், பின்னாடி தேங்குது. ஆனாலும் கோவில் காஞ்சு இருந்துச்சு.

செலவு: லெவலும் ஸ்டாஃபும் இரவல். பிகே ஆணி (தார்ல அடிக்கிற அளவை ஆணி), சாக்பீஸ், ஸ்ப்ரே பெயின்ட் எல்லாம் சேத்து 500 ரூபாய்க்குள்ள (மொரீஷியஸ் ரூபாய்). பெயின்டர் கம்பு 900. ஜிபிஎஸ் ரெண்டு செட்டும் ஆன்டெனாவோட முன்னாடியே வேற வேலைக்கு வாங்கினது, ஏறக்குறைய 25,000, ஆனா இப்ப யோசிச்சா இந்த அளவு தெருவுக்கு அது இல்லாமயே முடியும், 50 மீட்டர் டேப்பை ரோட்டு நடுவுல நீளமா போட்டு அங்க இருந்து ரெண்டு பக்கமும் அளந்தாலே எக்ஸ் ஒய் கிடைச்சிரும். சாஃப்ட்வேர் எல்லாம் இலவசம். காலையில பசங்களுக்கு தால்பூரி.

அடுத்த தடவை வேற மாதிரி செய்யப் போறது சிலது. அளக்குறதுக்கு முன்னாடி மழையில ஒரு தடவை பாதுகாப்பான எடத்துல நின்னு தண்ணி எந்தச் சந்துல இருந்து வருதுன்னு வீடியோ எடுத்துக்கணும், வெட்டு எங்க நெருக்கமா எடுக்கணும்னு அதுவே சொல்லிரும். புள்ளிங்களை வெட்டு வெட்டா எடுக்காம கோடு கோடா எடுக்கலாம், அதாவது முதல்ல ஓர வாய்க்கால் முழுசும், அப்புறம் கெர்ப் முழுசும், அப்போ பிரேக் லைன் வரையுற வேலை அப்படியே மிச்சம், ஸ்டாஃப் பிடிக்கிற பையனுக்கும் குழப்பம் இல்ல. டிரெயினோட அடி மட்டத்தை எல்லா மூடியிலயும் எடுக்கணும், நாங்க நாலு மூடி தான் திறந்தோம். நிக்கிற தண்ணிக் கணக்கோட நிறுத்தாம ஹெச்இசி ராஸ் மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல இதே டெம்மைப் போட்டு ஓடுற தண்ணியையும் பாத்தா 30 செமீ வாய் குறுகல்னு வெட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும், 50 செமீ கேட்டிருப்போம். இப்ப பக்கத்துத் தெருக்காரங்க அவங்க ரோட்டையும் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்காங்க, அங்க ஒரு மூடுன டிரெயின் ரோட்டைக் குறுக்க கடக்குது, அதோட ரெண்டு முனை மட்டத்துல இருந்து தான் ஆரம்பிக்கப் போறோம்.